கூரையில் இருக்கும் சோலாரைத் திட்டாதீர்கள்



போன ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு கதை. பள்ளிக் கூரைக்கு சோலார் போடுவதா, வேண்டாமா என்று. ஒரு பெரியவர் சொன்னார்: "சோலார் கூடினதாலதானே நாடே இருட்டானது. நமக்கு ஏன் அந்தப் பழி?" பலர் தலையாட்டினார்கள். அங்கே பதில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. இங்கே சொல்கிறேன்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததாகச் சொன்னார்கள். நாடு முழுக்க கரண்ட் போனது. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றதால் அடுத்த நாட்களிலும் மின்வெட்டு. குரங்கை வைத்துச் சிரித்து முடித்ததும் பழி சோலாருக்கு வந்தது. ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், பகலில் கூரை சோலாரை அணைத்து வையுங்கள் என்று கேட்டார்கள். வங்கிக் கடன் எடுத்து சோலார் போட்ட குடும்பங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

பொறியியலாளர்கள் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்ற ஒரே தாளத்தில் ஓட வேண்டும். நீர், நிலக்கரி நிலையங்களில் சுழலும் பாரமான இயந்திரங்கள், எங்காவது ஒரு நிலையம் திடீரென்று விழுந்தாலும், சில வினாடிகள் அந்தத் தாளத்தைத் தாங்கும். மிதிப்பதை நிறுத்தினாலும் சைக்கிள் கொஞ்ச தூரம் ஓடுகிறதே, அதுபோல. சோலார் தகட்டில் சுழல எதுவும் இல்லை. ஞாயிறு பகலில் பாவனை குறைவு, வெயில் அதிகம், சுழலும் இயந்திரங்கள் குறைவு. ஆகவே தாங்கும் சக்தியும் குறைவு.

ஆனால் கதையை அதோடு முடிப்பதுதான் அநியாயம். தகட்டுக்கும் மின்கம்பிக்கும் நடுவில் இன்வேர்ட்டர் இருக்கிறது. நம் வீடுகளில் இருப்பவை பிறர் தாளத்துக்கு நடப்பவை. இல்ல விளையாட்டுப் போட்டி அணிநடையில் பேண்ட் அடிக்கும் வரை அழகாக நடந்து, பேண்ட் நின்றதும் நின்றுவிடும் பிள்ளைகள் மாதிரி. இன்னொரு வகை இருக்கிறது. அது தாளத்தைத் தானே போடும். பெரிய பெற்றரியோடு அதை உப மின்நிலையத்தில் வைத்தால், எங்கோ ஒரு நிலையம் விழும்போது கண் இமைப்பதற்குள் மின்சாரம் கொடுத்துத் தாளத்தைப் பிடிக்கும்.

இது கற்பனை இல்லை. 2016 செப்டெம்பர் 28இல் புயலில் மின்கோபுரங்கள் சரிந்து தென் அவுஸ்திரேலியா மாநிலமே இருண்டது. பழி காற்றாலைகளுக்குப் போனது. விசாரித்தால், மின்னழுத்தம் அடுத்தடுத்து விழுந்தால் உற்பத்தியைக் குறைக்கும்படி பல காற்றாலைகளில் செட்டிங் போடப்பட்டிருந்தது. அவர்கள் காற்றாலையைப் பிடுங்கி எறியவில்லை, செட்டிங்கை மாற்றினார்கள். 2017 முடிவதற்குள் ஹோன்ஸ்டேலில் 100 மெகாவொட் பெற்றரி நிலையம் வைத்தார்கள். அதே டிசம்பரில் பக்கத்து மாநிலத்தின் நிலக்கரி இயந்திரம் ஒன்று விழுந்தபோது, அந்தப் பெற்றரி ஒரு வினாடிக்குள் கைகொடுத்தது. 2022இல் சுழலும் இயந்திரத்தின் தாங்கும் வேலையையும் இன்வேர்ட்டர் மூலமே செய்யத் தொடங்கியது.

அணைத்து வை என்பது ஒரு விடுமுறைக்கான அவசர மருந்து. அதையே கொள்கையாக்கினால், பகலில் வெயிலை வீணாக்கிவிட்டு இரவில் எண்ணெய் எரித்து, அந்தச் செலவையும் நம் பில்லில்தான் போடுவார்கள். பகல் வெயிலை பெற்றரியில் சேர்த்தால் இரவுப் பாவனைக்கும் உதவும், விழும் வலையமைப்பையும் தாங்கும்.

நமக்கும் கடமை இருக்கிறது. விலை குறைவு என்று கண்ட இன்வேர்ட்டரை வாங்காதீர்கள். சின்ன ஆட்டத்துக்கெல்லாம் ஒன்றாக அணைந்துவிடாதபடி செட்டிங் சரியாக இருக்கிறதா என்று பூட்ட வருபவரிடம் கேளுங்கள்.

பள்ளிக் கூரைக்கு சோலார் போடுங்கள். அதோடு, பெற்றரி எங்கே, தாளம் போடும் இன்வேர்ட்டர் எங்கே என்று நம் வாக்கைக் கேட்டு வருபவர்களிடம் கேளுங்கள்.

பிழை இருந்தால் திருத்துங்கள். சரியென்று பட்டால் பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும் அனுப்பி வையுங்கள்.