தூதனைக் கண்டு அச்சமேன்?

2020 டிசம்பரில் பைசர், மாடர்னா தடுப்பூசிகள் கொரோனாவுக்கு எதிராகப் பயன்பாட்டுக்கு வந்தன. இத்தகைய எம்.ஆர்.என்.ஏ. ஊசிகள் நம் மரபணுவையே மாற்றிவிடும் என்று அஞ்சுவோர் இன்றும் உளர். இவ்வச்சம் வீணானது என்பேன்.

மரபணுக்களாகிய டி.என்.ஏ. இருப்பது செல்லின் உட்கருவில். ஊசிவழி வரும் தூது ஆர்.என்.ஏ.வோ உட்கருவுக்குள் நுழைவதேயில்லை. கொழுப்புத் துகளில் பொதிந்து சைட்டோபிளாசத்தை அடைகிறது; வைரசின்மேல் முள்போல் நீண்டிருக்கும் புரதத்தைச் செய்யும் குறிப்பை ரைபோசோமிடம் தருகிறது; பின்னர் சிதைந்துவிடுகிறது. அப்புரதத்தை அந்நியமென உணரும் உடல், எதிர்ப்பொருள்களை ஆக்குவதோடு அதன் அடையாளத்தையும் நினைவில் கொள்கிறது. மெய்யான வைரஸ் வரும்போது விரைந்து எதிர்க்கிறது.

தேர்வுத்தாளில் இதைப் பிழையின்றி எழுதும் நாம், வீட்டில் அம்மா ஐயத்தோடு கேட்கும்போது வாய்மூடியிருக்கலாமா? எளிய தமிழில் எடுத்துச் சொல்வதன்றோ நாம் கற்றதன் பயன்!