அறுந்த இழை தெரிந்தது, பிள்ளை தெரியவில்லை

இளையோர் நாவலில் கவனிப்பாரற்ற பிள்ளை வந்தால், கூடவே குடிகார அப்பாவோ கொடுமைக்காரச் சித்தியோ வந்துவிடுகிறார்கள். ஆரணியில், தறியில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, கரையைத் தனி நாடாவால் கோர்த்து நெய்யும் கோர்வைப் புடவைக்குக் கரை நாடா தள்ளி வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் கொடுமைக்காரர் யாருமில்லை; முதலாளியிடம் வாங்கிய முன்பணம்தான் இருந்தது. பாவில் ஓர் இழை அறுந்தால் அப்பாவுக்கு உடனே தெரியும். எனக்குக் கரும்பலகை தெரியவில்லை என்பது ஆறாம் வகுப்பு முழுக்க யாருக்கும் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. கண்ணாடி வாங்கக் காசு போகும், டாக்டரிடம் போனால் தறியிலிருந்து புடவை இறங்க நாளாகும் என்று அந்த வயதிலேயே கணக்குப் போட்டேன். பெற்றவர்களைக் காப்பாற்றுவதற்காக வாயை மூடிக்கொள்ளும் அந்தப் பிள்ளையைக் கதைகளில் தேடுகிறேன்.

இரா. நடராசனின் ‘ஆயிஷா’ பள்ளியில் அடிபடும் பிள்ளையை நம் முன் நிறுத்தியது. அடியை எழுதிவிடலாம், கேட்காமல் விட்ட கேள்வியை எழுதுவதுதான் கடினம். எழுத்தாளர்களே, அப்பாவை வில்லனாக்காதீர்கள். ‘பாவம், வறுமை’ என்று மன்னித்தும் முடிக்காதீர்கள். வாயை மூடிக்கொண்ட அந்தப் பெண்ணுக்குக் கோபம் வரட்டும். வீட்டு வேலையில் கைகொடுக்கும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள்: குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகும், பள்ளி விட்டதும் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம். அவர்களும் நூலகத்தில் கதை தேடுகிறார்கள்.