இரண்டு கிலோ கேக்கும் ஓர் இறாத்தல் கேக்கும்

கடந்த ஆண்டு எனது பள்ளிக்கூட நண்பர் ஒருவருக்கு எழுபது வயது நிறைந்தது. யாழ்ப்பாணத்தில் என் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடத் தூரத்தில் அவர் தனியாக வசிக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியர். மனைவி காலமாகிச் சில ஆண்டுகள் கழிந்துவிட்டன. மகள் கனடாவில்; மகன் நோர்வேயில். இத்தகைய வீடுகளுக்கு இன்று குடாநாட்டில் குறைவில்லை என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

பிறந்தநாளன்று காலை பத்து மணியளவில் அவரது வீட்டு வாசலில் ஒரு முச்சக்கரவண்டி வந்து நின்றது. இரண்டு இளைஞர்கள் இறங்கினார்கள். ஒருவர் கையில் ஒலிபெருக்கிப் பெட்டி. மற்றவர் கையில் இரண்டு கிலோ கேக், பூங்கொத்து, பலூன்கள். சாரத்தோடு நின்ற நண்பரைச் சட்டை அணிந்து வரச் சொல்லி, பாட்டுப் போட்டு, கேக்கை வெட்டச் செய்து, எல்லாவற்றையும் வீடியோவில் பதிந்துகொண்டு பதினைந்து நிமிடத்தில் அவர்கள் போய்விட்டார்கள். கனடாவில் அப்போது நள்ளிரவு கடந்திருந்தது. அந்த வீடியோவைப் பார்ப்பதற்காகவே மகள் விழித்திருந்தாராம்.

நான் மாலையில் போனபோது மேசையில் கேக் இருந்தது. படத்துக்காக வெட்டிய ஒரு துண்டு மட்டும் குறைந்திருந்தது. கிறீம் வெக்கையில் உருகி வழிந்துகொண்டிருந்தது. நண்பருக்குப் பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு. “இதை ஆர் மச்சான் தின்னுறது?” என்று சிரித்தார். இருவருமாகத் துண்டு போட்டு அயல்வீடுகளுக்குக் கொடுத்து முடித்தோம். பிறகு அவர் சாதாரணமாக ஒன்றைச் சொன்னார்: “காலமை அந்தப் பெடியள் வந்து போனதுக்குப் பிறகு இந்த வீட்டுக்குள்ள வந்த ஆள் நீதான்.”

அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆயினும் அந்த வசனம் என்னைவிட்டுப் போக மறுத்தது. பத்து நிமிடத் தூரத்தில் இருக்கும் நானும் அன்று மாலையில்தான் போயிருந்தேன்.

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளைக் குறைகூறுவது எமது ஊரில் எளிதான காரியம். அதை நான் செய்யப்போவதில்லை. விசா, வேலை, வீட்டுக்கடன், குழந்தைகள் என்று ஆயிரம் கட்டுகளுக்குள் இருந்துகொண்டு தகப்பனின் பிறந்தநாளை நினைவில் வைத்து, நள்ளிரவில் விழித்திருக்கும் மகளின் அன்பைச் சந்தேகிக்க எவருக்கும் உரிமையில்லை. கேக் கொண்டுவந்த இளைஞர்களுக்கும் அது தொழில். அதைவிட, இங்கே வீட்டிலிருந்தபடியே கேக் செய்து விற்றுக் குடும்பம் நடத்தும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது எரிவாயுவுக்கு வரிசையில் நின்று, மின்வெட்டு நேரத்தைக் கணக்கிட்டு அந்தத் தொழிலை அவர்கள் காப்பாற்றிக்கொண்டார்கள். அவர்களிடம் கேக் வாங்குவதை நான் ஒருபோதும் குறைகூறமாட்டேன்.

எனது கேள்வி வேறு. பணம் அனுப்பலாம், பொருள் அனுப்பலாம், பாட்டும் அனுப்பலாம். கேக்கை உண்ணும்போது எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளை எப்படி அனுப்புவது? அந்த ஆள் ஊரில் இருப்பவராகத்தான் இருக்க முடியும். ஆகவே குற்றச்சாட்டு கனடாவை நோக்கி அல்ல, என்னைப் போன்றவர்களை நோக்கியே எழ வேண்டும்.

இவ்வாறு எண்ணியபோது 1993 ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. இதே நண்பரின் மகளுக்கு முதலாவது பிறந்தநாள். பொருளாதாரத் தடைக்காலம். 1990 இல் நின்றுபோன மின்சாரம் வந்திருக்கவில்லை. கேக் செய்ய வேண்டும் என்று நண்பரின் மனைவி ஆசைப்பட்டார். மாவுக்கும் சீனிக்கும் நண்பர் சங்கக்கடையில் காத்து நின்றார். முட்டை அயல்வீட்டுக் கோழிகளின் உபயம். மாஜரின் கண்ணிற் படவில்லை, தேங்காயெண்ணெய் சேர்த்தோம். பேக்கிங் பவுடருக்குப் பதிலாக அப்பச்சோடாவும் சில துளி தேசிக்காய்ப் புளியும். போறணைக்கு எங்கே போவது? பெரிய சருவச்சட்டி ஒன்றில் மணலைப் பரப்பி, அதற்குள் கேக் சட்டியை இறக்கி, மூடியின் மேல் சிரட்டைத் தணலைக் கொட்டினோம். கீழும் மேலும் நெருப்பு.

மாவை அகப்பையால் அடித்தவன் நான். கை சோர்ந்து போயிற்று. கேக் வெந்துகொண்டிருந்த வேளையில் விமானச் சத்தம் கேட்டு எல்லோரும் பதுங்குகுழிக்குள் இறங்கினோம். திரும்பி வந்தபோது மேற்புறம் கருகியிருந்தது. சுரண்டிவிட்டு உண்டோம். மெழுகுதிரி கிடைக்காததால் ஜாம் போத்தல் விளக்கைக் கேக்கின் அருகில் வைத்தோம். விளக்கை ஊதி அணைக்கக்கூடாது என்று பாட்டி தடுத்துவிட்டார். அது எரிந்தபடியே இருந்தது. ஏழு பேர் அந்தச் சின்னக் கேக்கைச் சுற்றி இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தோம். அந்தக் குழந்தைதான் இன்று கனடாவிலிருந்து இரண்டு கிலோ கேக்குக்குப் பணம் கட்டுகிறார்.

எனவே இவ்வாண்டு நண்பரின் பிறந்தநாளுக்கு நானே கேக் அடிப்பது என்று தீர்மானித்தேன். பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளைக் கழித்த எனக்கு அடுப்படி அந்நிய நாடு. ஆனால் இலங்கையில் கேக்குக்கும் பத்திரிகைக்கும் பழைய உறவு உண்டு. ‘சிலோன் டெய்லி நியூஸ்’ நாளேட்டின் பெயரில் 1929 இல் வெளிவந்த சமையல் நூலைத் தலைமுறை தலைமுறையாகப் போற்றும் வீடுகள் இந்நாட்டில் பல. அன்று அந்நாளேட்டில் வந்த தலையங்கங்களை இன்று யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? இந்த எண்ணம் எனக்குத் துணிவைத் தந்தது.

நண்பரின் நீரிழிவை மனதிற்கொண்டு முதல் முயற்சியில் சீனியைப் பாதியாகக் குறைத்தேன். வெளிறிய, வறண்ட, உதிர்ந்து விழும் ஒரு பொருள் வெளிவந்தது. கேக்கில் சீனியின் வேலை இனிப்பூட்டுவது மட்டுமல்ல என்று மனைவி விளக்கினார். பட்டரோடு சேர்த்து அடிக்கும்போது காற்றை உள்ளே பிடித்துவைப்பதற்கு அது உதவுகிறது, ஈரத்தைக் காக்கிறது, மேற்புறத்துக்கு நிறத்தைத் தருகிறது. பாதியாக வெட்டினால் கேக் பழிவாங்கிவிடும். சீனியைக் குறைப்பதிலும் பார்க்கக் கேக்கைச் சிறிதாக்குவதே புத்தி என்று முடிவாயிற்று.

இரண்டாம் முயற்சி: பட்டர் 125 கிராம், மா 125 கிராம், சீனி 100 கிராம், முட்டை இரண்டு, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ ஓர் இறாத்தல். எமது வெக்கையில் பட்டர் விரைவில் எண்ணெயாகிவிடும்; எண்ணெயானால் காற்றைப் பிடிக்காது. அதனால் விடியற்காலையிலேயே அடிக்கத் தொடங்கினேன். முட்டையை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டால் கலவை திரிந்துவிடும். பிறகு மின் போறணையில் 170 பாகையில் நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடந்தான் எனக்குப் பெருஞ்சோதனை. இருபதாம் நிமிடத்தில் கதவைத் திறந்து பார்த்துவிட்டேன். “இஞ்சேருங்கோ, இது புரூஃப் பார்க்கிற வேலை இல்லை, கதவைத் திறக்காதேங்கோ” என்று மனைவி அதட்டினார். அதற்குள் நடுப்பகுதி சற்றே தாழ்ந்துவிட்டது.

இன்னொரு காரியமும் செய்திருந்தேன். இரண்டு வாரங்களுக்கு முன்பே நண்பரின் மகளுக்கு எழுதினேன்: “இம்முறை கேக் அனுப்ப வேண்டாம், பிள்ளை. அன்று எங்கள் நேரப்படி மாலை ஐந்து மணிக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் போதும்.” அங்கே அது காலை ஏழரை மணி. வேலைக்குப் பிந்திப் போக அனுமதி பெற்றுக்கொண்டு மகள் தொலைபேசித் திரையில் வந்தார். பாதியில் மகனும் சேர்ந்துகொண்டார். நடுவில் குழிந்த கேக்கைக் கண்டதும் எல்லோரும் சிரித்தார்கள். நண்பர் விரல் தடிப்பில் ஒரு துண்டு உண்டார். மருத்துவர் சொன்ன அளவை மீறவில்லை என்று எனக்கு ஒருமுறையும் மகளுக்கு ஒருமுறையும் சத்தியம் செய்தார். 1993 ஆம் ஆண்டுக் கேக்கின் கதையை மகள் முழுமையாகக் கேட்டது அன்றுதானாம். நான் புறப்பட்டபோது இரவு எட்டு மணி கடந்துவிட்டது.

வெளிநாட்டிலிருந்து இதை வாசிப்பவர்களிடம் எனது வேண்டுகோள் சிறியது. அடுத்த முறை பெற்றோரின் பிறந்தநாளுக்குக் கேக்குக்குச் சொல்லும்போது, ஊரிலுள்ள அவர்களது நண்பர் ஒருவருக்கும் தகவல் சொல்லிவிடுங்கள். “மாமா, அன்றைக்கு மாலை அப்பாவோடு கொஞ்ச நேரம் இருங்கோ” என்றால் மறுப்பவர் இருக்கமாட்டார். ஊரில் இருப்பவர்களோ அந்தத் தகவலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கேக் குழிந்தாலும் பரவாயில்லை. செய்ய வராவிட்டால் கடையில் அரை இறாத்தல் வாங்கிக்கொண்டு போகலாம். ஆனால் பதினைந்து நிமிடத்தில் திரும்பிவிடாதீர்கள்.

அடுத்த மாதம் என் பிறந்தநாள். தானே வட்டிலப்பம் அவித்துக்கொண்டு வருவதாக நண்பர் அறிவித்திருக்கிறார். தேநீருக்கு அப்பால் எதையும் சமைத்தறியாத மனிதர். எனக்குச் சற்றுப் பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அன்றைய மாலையில் வேறெந்த வேலையும் வைத்துக்கொள்ளவில்லை.