ஓர் ஆணையில் நூறு கடிதங்கள்

ஆண்டுப் பொதுக்கூட்டம் நெருங்குங்கால் சங்கச் செயலாளர்க்கு நேரும் பெருந்தொல்லை கடிதங்களை அச்சிடுதலே ஆகும். குடும்பத்திற்கு ஒன்றாக நூறு கோப்புகள் இருப்பின், ஒவ்வொன்றையும் திறந்து, அச்சிட்டு, மூடுதல் வேண்டும். பகலெல்லாம் அலுவலகத்தில் உழைத்து, இரவில் சங்கப் பணி ஆற்றும் அன்பர்க்கு இஃது எத்துணைச் சுமை என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மைக்ரோசாஃப்ட் வேர்டில் உள்ள 'மேக்ரோ' இச்சுமையைப் போக்க வல்லது. மேக்ரோ என்பது நாம் எழுதிவைக்கும் ஆணைத்தொடர். 'ஆல்ட்' விசையுடன் 'எஃப் 11' விசையை அழுத்தின் அதனை எழுதுமிடம் திறக்கும். ஆணைகளின் சாரம் நான்கே: கோப்புறையில் அடுத்த கோப்பைக் கண்டறி, திற, அச்சிடு, மூடு. கோப்புகள் தீருமளவும் இந்நான்கும் சுழன்று நடைபெறும். அச்சிடும் ஆணையில் 'பேக்கிரவுண்ட்' என்பதை 'ஃபால்ஸ்' என அமைத்தல் நலம். இன்றேல், கோப்பு அச்சுக்கு முழுதும் சென்று சேருமுன் மூடும் ஆணை குறுக்கிடக்கூடும்.

கருவிக்குக் கை உண்டு, கண் இல்லை. பழைய எழுத்துருவில் அமைந்த தமிழ்க் கடிதம், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகவே அச்சாகும். மனிதர் முதல் தாளிலேயே கண்டு நிறுத்துவர்; மேக்ரோவோ நூறு தாளையும் பாழாக்கியே ஓயும். ஆதலின், இரண்டு கோப்புகளை மட்டும் தனிக் கோப்புறையில் இட்டு முதலில் சோதித்தல் வேண்டும்.

பிறர் அனுப்பிய மேக்ரோவை ஆராயாது இயக்குதல் பெருந்தீங்கு. 1999-இல் பரவிய 'மெலிசா' என்னும் மேக்ரோ நச்சுநிரல், முகவரிப் புத்தகத்தின் முதல் ஐம்பது முகவரிகளுக்குத் தன்னைத் தானே அஞ்சலில் அனுப்பிக்கொண்டது. இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் 2022 முதல் இயல்பாகவே தடுத்து வருகிறது. அத்தடையை அவசரத்தால் நீக்கற்க. சங்கக் கணினியில் இருப்பவை நம் இல்லங்களின் முகவரிகள் அன்றோ!

இறுதியாக ஒன்று. நம்மவர் மாற்றலாகி வேற்றூர் செல்லுதல் வழக்கமே. செயலாளருடன் அவர் அறிந்த முறையும் சென்றுவிட்டால், அடுத்தவர் மீண்டும் நூறு முறை திறந்து மூட நேரும். எனவே மேக்ரோவை ஒரு தாளில் அச்சிட்டு, ஒவ்வொரு வரியின் பொருளையும் எளிய தமிழில் எழுதிச் சங்கக் கோப்பில் சேர்த்து வைப்போமாக.