ஆடி அமாவாசையும் அரை வாளித் தண்ணியும்

மக்கா, முதல்லயே சொல்லிடுறேன். ரெண்டு வயசுப் பிள்ளை மூணு நாள் முழுசா குளிக்கலைன்னா ஒண்ணும் ஆகாது. "சுத்தமில்லாத பய"ன்னு திட்ட நினைக்கிறவங்க, முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க :)

ஆடி அமாவாசைக்கு எங்க குடும்பம் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போகும். தெரியாதவங்களுக்கு: பாபநாசத்துக்கு மேல, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்ள இருக்கிற கோவில். திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கமிருந்து சனம் வந்து, ஆத்தங்கரையில குடில் போட்டுத் தங்கி, பொங்கி சாப்பிட்டு, பூக்குழி பார்த்துட்டுத் திரும்பும். எத்தனை நாள் தங்கலாம்னு வருஷா வருஷம் வனத்துறை முடிவு பண்ணும். சோப்பு, ஷாம்பு, பிளாஸ்டிக்குக்குத் தடை.

இங்க விடிஞ்சதும் குடிலுக்குக் குடில் ஒரே அலறல்தான். பிள்ளையைத் தூக்கிட்டுப் போய் ஆத்துல மூணு முக்கு. அது வீல்னு கத்தும். "குளிர் விட்டுரும்ல, சும்மா இரு"ன்னு ஆச்சி சமாதானம் சொல்லும். எங்க வீட்டுப் பையனுக்கும் ரெண்டு வயசு. எங்க குடில்லயும் இதே பஞ்சாயத்துதான். அவனை முக்கக் கூடாதுங்கிறது என் கட்சி.

பொட்டி தட்டுற பய, அதனால தொழில் பாஷையிலயே கேக்குறேன். இங்க ரிக்வயர்மெண்ட் என்ன? பிள்ளைக்கு வயித்தால போகக் கூடாது, சளி பிடிக்கக் கூடாது, தொடை இடுக்குல புண்ணு வரக் கூடாது, ஆத்தோட போயிரக் கூடாது. இதுல எதுக்குமே ஆத்துல முக்குறது பதில் இல்லை. கடைசி ரெண்டுல ஒண்ணுக்கு அதுவே எதிரி.

ஆடி மாசம் மலையில சாரலும் காத்தும். உடம்பு எடையோட ஒப்பிட்டா சின்னப் பிள்ளைக்குத் தோல் பரப்பு அதிகம், அதனால நம்மளை விட வேகமா சூடு இழக்கும். உதடு நீலம் பாயுறது பக்தி இல்லைங்க, குளிர். தினமும் தலைக்கு ஊத்தலைன்னா நோய் வரும்ங்கிறதும் நம்ம பழக்கம் சொல்றதுதான். முதல் வருஷக் குழந்தைக்கு வாரத்துக்கு மூணு குளியலே போதும்னு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்லுது. நம்ம ஊர் வேர்வைக்கு அது பத்தாதுதான். ஆனா மலையில மூணு நாளைக்குத் தாராளமா பத்தும்.

அப்போ என்ன பண்ணலாம்? அரை வாளித் தண்ணி, ரெண்டு பருத்தித் துணி. தண்ணியை ஆத்துல இருந்து மோந்து, கரையை விட்டுத் தள்ளிக் கொண்டு வந்துருங்க. மலையேறுறவங்க வச்சிருக்கிற கணக்கு ஒரு 60 மீட்டர். வாளியில முதல்ல பச்சைத் தண்ணி, அப்புறம்தான் வெந்நி. மாத்தி ஊத்துனா, நாம திரும்புறதுக்குள்ள பிள்ளை கையை விட்டுரும். முழங்கையை வச்சுப் பாருங்க, வெதுவெதுன்னு இருக்கணும். ஒரு துணியில முகம், கழுத்து மடிப்பு, அக்குள், கை, கால். கடைசியா பின்பக்கம் தண்ணி ஊத்திக் கழுவி, இன்னொரு துணியால ஈரம் போக ஒத்தி எடுங்க. முழுசா உரிக்க வேண்டாம், ஒவ்வொரு பாகமா துடைச்சு மூடிக்கிட்டே வாங்க. அஞ்சு நிமிஷ வேலை.

கையை மட்டும் விட்டுராதீங்க. குளியலை விட அதுதான் வயித்தைக் காப்பாத்தும். சோப்பு இல்லாத இடத்துல ஊத்துற தண்ணியில நகக்கண் வரைக்கும் தேய்ச்சுக் கழுவணும். சோப்பு அளவுக்கு வராது, ஆனா சும்மா விடுறதுக்கு இது எவ்வளவோ மேல். மண்ணு ஒட்டுன கையில சானிடைசர் சரியா வேலை செய்யாது. ஆத்துத் தண்ணியைக் கொதிக்க வைக்காம குடிக்கக் கொடுக்காதீங்க. முக்குறப்போ அது ரெண்டு மடக்கு குடிக்கத்தான் செய்யும், அதையும் யோசிங்க.

"இயற்கை சோப்பு கொண்டு போனா என்ன?"ன்னு ஒரு குரூப் கிளம்பும். செடியில செஞ்சதோ ஆலையில செஞ்சதோ, நுரை ஆத்துல கலந்தா மீனுக்கு ரெண்டும் ஒண்ணுதான். கீழ ரெண்டு மாவட்டம் இந்தத் தண்ணியைத்தான் குடிக்குது. கழட்டுன டயப்பரையும் புதைக்காம பையில கட்டிக் கீழ கொண்டு வாங்க.

இப்ப நிஜமாவே பயப்பட வேண்டியது. 2021ல உலகம் முழுக்க சுமார் 3 லட்சம் பேர் தண்ணியில மூழ்கி செத்திருக்காங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதுல கிட்டத்தட்ட நாலுல ஒண்ணு அஞ்சு வயசுக்குக் கீழ. மூழ்குற பிள்ளை சினிமால வர்ற மாதிரி கத்தாது, சத்தமே இல்லாம போயிரும். மேல அணை இருக்கு, மலையில மழை பெய்யும், மட்டம் எப்ப ஏறும்னு கரையில நிக்கிறவனுக்குத் தெரியாது. பாறை வேற வழுக்கும். பத்துப் பேர் நிக்கிற குடும்பத்துலதான் ஆபத்து அதிகம்னு எனக்குத் தோணும். சித்தி பாக்குறான்னு மாமாவும், மாமா பாக்குறான்னு சித்தியும் நினைப்பாங்க. அதனால பேர் சொல்லி ஒரே ஆளை நிறுத்துங்க. கை எட்டுற தூரத்துல, கையில போன் இல்லாம.

அந்த ஆள் ஏன் எப்பவும் அம்மாவாவே இருக்கணும்? அடுப்பு மூட்டுறதும் அவங்க, பாத்திரம் கழுவுறதும் அவங்க. நாம வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுப் பூக்குழிக்கு எடம் பிடிக்கப் போயிருவோம். வாளி தூக்கவும் துடைச்சு விடவும் ஆம்பளைக் கையால முடியும்யா.

புண்ணியம்? ஆத்துத் தண்ணியில மூணு சொட்டு எடுத்து உச்சந்தலையில தெளிங்க. எங்க ஆச்சிக்கே இதுல ஆட்சேபணை இல்லை. அய்யனாருக்கு மட்டும் இருக்கவா போகுது?

டிஸ்கி: வீட்டுக்கு வந்ததும் எண்ணெய் தேய்ச்சு, வெந்நி ஊத்தி, பிள்ளையை ஆசை தீரக் குளிப்பாட்டுங்க. அதுக்கு நான் குறுக்க நிக்கல :)