டெலிவரி வண்டியில் செல்போன் ஸ்டாண்டு: முதலாளி செய்ய வேண்டிய வேலை

தராசுக்கு வருடந்தோறும் முத்திரை போட்டு வாங்குகிறோம். மூட்டை நனையாமல் இருக்கத் தார்ப்பாய் வாங்கிக் கொடுக்கிறோம். வண்டிக்கு இன்சூரன்சும் எஃப்.சி.யும் தேதி தவறாமல் எடுக்கிறோம். ஆனால் அந்த வண்டியை ஓட்டுகிறவர் காலை முதல் இரவு வரை எடுத்து எடுத்துப் பார்க்கிற செல்போனுக்கு வண்டியில் ஓர் இடம் செய்து கொடுத்திருக்கிறோமா? நம்மில் பெரும்பாலோர் இதைப் பற்றி யோசித்ததே இல்லை. செல்போன் டிரைவருடையது, அதை வைக்கிற ஸ்டாண்டும் அவர் பாடு என்று இருந்து விடுகிறோம். இது சரியல்ல என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல வருவது.

இந்தியாவில் செல்போன் பேச்சு 1995 ஜூலை 31 அன்று தொடங்கியது. அதற்குப் பிறகும் பல வருடங்கள் டெலிவரி வண்டிக்கும் கடைக்கும் இருந்த தொடர்பு, டிரைவர் சட்டைப் பையில் இருந்த சிட்டை ஒன்றுதான். மேலூருக்கு லோடு போனால் வண்டி திரும்பி வந்த பிறகே விவரம் தெரியும். இன்று அப்படியில்லை. புதுக் கடைக்கு வழி பார்ப்பது செல்போனில். சரக்கு இறக்கியதற்குப் பணம் வந்ததா என்று பார்ப்பது செல்போனில். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் சரக்கு போனால் 2018 ஜூன் முதல் இ-வே பில் தேவைப்படுகிறது. அதன் எண்ணையும் செல்போனில் காட்டுகிறோம். ஆர்.சி., லைசென்ஸ் ஆகியவற்றை டிஜிலாக்கரில் காட்டினாலும் செல்லும். ஆக, செல்போன் நம் வியாபாரத்தின் கருவியாகி விட்டது. வியாபாரத்தின் கருவிக்கு வசதி செய்து தர வேண்டியவர் வியாபாரிதானே?

இப்போது அந்தச் செல்போன் வண்டியில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டிரைவரின் மடியில், பக்கத்துச் சீட்டில், அல்லது மீட்டருக்கு முன்னால் ஒரு துணியைப் போட்டு அதன் மேல். வண்டி குலுங்கினால் கீழே விழுகிறது. விழுந்ததைக் குனிந்து எடுக்கிறார். வியாபாரிகளான நமக்குக் கணக்குப் புரியும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் போய்விடும். செல்போனைத் தேடி எடுத்துப் பார்த்து வைக்க மூன்று விநாடி என்றால், 33 மீட்டர் தூரம் கண்ணை மூடிக் கொண்டு ஓட்டியதற்குச் சமம். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் ஒரு கடைவீதியில் 33 மீட்டர் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

சட்டத்தையும் தெரிந்து கொள்வது நல்லது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ஆம் ஆண்டு செய்த திருத்தத்தின்படி, வண்டி ஓட்டும்போது செல்போனைக் கையில் வைத்துப் பயன்படுத்துவது 184-வது பிரிவின் கீழ் அபாயகரமாக ஓட்டிய குற்றம். முதல் தடவைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது 6 மாதம் முதல் 1 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். மூன்று வருடத்துக்குள் மறுபடி அகப்பட்டால் அபராதம் 10,000 ரூபாய்; சிறையும் 2 வருடம் வரை போகலாம். உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு, செல்போன் பேசிக் கொண்டு ஓட்டுபவரின் லைசென்ஸைக் குறைந்தது 3 மாதம் நிறுத்தி வைக்க வேண்டும் என்று 2015-இல் அறிவுறுத்தியது. மூன்று மாதம் ஸ்டியரிங்கைத் தொடாத டிரைவரின் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? நம் லோடுதான் எப்படிப் போகும்? அதே சமயம், 2020 அக்டோபர் 1 முதல் அமலான விதி, ஓட்டுபவரின் கவனம் சிதறாத வகையில் வழி பார்ப்பதற்கு மட்டும் செல்போனைப் பயன்படுத்தலாம் என்கிறது. கவனம் சிதறாமல் வழி பார்க்க வேண்டுமானால் செல்போன் ஓரிடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். அதற்கே ஸ்டாண்டு.

கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கி மாட்டினால் போதாதா என்று சிலர் கேட்கலாம். அவை பெரும்பாலும் கார்களை நினைத்துச் செய்தவை. கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் கிண்ணம் நம் ஊர் வெயிலில் இளகி, மத்தியானத்துக்குள் விழுந்து விடும். விழாவிட்டாலும் கண்ணாடியில் பார்வையை மறைக்கும். ஏ.சி. காற்று வரும் துவாரத்தில் செருகும் வகைக்கு ஏ.சி.யே இல்லாத குட்டி யானையில் என்ன வேலை? காந்தத்தில் ஒட்டும் வகை, ஒரு டன்னுக்குக் குறையாத லோடோடு மண் ரோட்டில் போகும்போது பிடி விட்டு விடுகிறது. ஆகவே வண்டிக்கும் செல்போனுக்கும் அளவெடுத்துச் செய்வதே நமக்கு ஏற்றது.

எங்கள் கடையின் இரண்டு வண்டிகளுக்கும் பக்கத்துப் பட்டறையில் சொல்லித்தான் செய்தோம். செய்த முறையைச் சொல்கிறோம். அவரவர் வண்டிக்குத் தக்கபடி மாற்றிக் கொள்ளலாம்.

முதலில் டிரைவரை சீட்டில் உட்கார வைத்து பெல்ட் போடச் சொல்ல வேண்டும். முதுகை சீட்டிலிருந்து எடுக்காமல் இடது கையை நீட்டினால் விரல் எங்கே எட்டுகிறதோ, அங்கே சாக்பீஸால் குறியிட வேண்டும். அந்த இடம் முன் கண்ணாடியின் கீழ் விளிம்புக்குக் கீழே இருக்க வேண்டும். கியர் கம்பி, ஹேண்ட் பிரேக், சுவிட்சுகள், மீட்டர் எதையும் மறைக்கக் கூடாது. ஏர்பேக் உள்ள வண்டியானால் அதன் மூடி மேலோ எதிரிலோ எதுவும் பொருத்தவே கூடாது.

அடுத்தது அளவு. உறையோடு சேர்த்துச் செல்போனின் நீளம், அகலம், கனம் மூன்றையும் எடுக்க வேண்டும். இப்போது வரும் செல்போன்கள் சுமார் 16 சென்டிமீட்டர் நீளம், 8 சென்டிமீட்டர் அகலம், 200 கிராம் எடை அளவில் இருக்கின்றன. அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்துச் சரியான பிறகே உலோகத்தைத் தொட வேண்டும். 3 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு அங்குல அலுமினியப் பட்டை போதும். கீழே இரண்டு கொக்கி, பக்கங்களில் இரண்டு, மேலே ஒன்று. உட்பக்கம் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினால் வழுக்காது, செல்போனிலும் கீறல் விழாது. சார்ஜர் ஒயர் நுழைய அடியில் இடைவெளி வேண்டும். முனைகளை அரம் வைத்து நன்றாக உருட்டி விட வேண்டும். திடீர் பிரேக் போட்டால் கையும் முழங்காலும் அதில் மோதும். துளை போடுவதற்கு முன் பின்னால் ஒயர் ஓடுகிறதா என்று பார்ப்பது அவசியம். அதிர்வில் கழன்று வராதபடி உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு போட வேண்டும். கடைசியாக, முழு லோடோடு மோசமான ரோட்டில் ஒரு நடை போய் வந்து எல்லாவற்றையும் மறுபடி முடுக்க வேண்டும்.

சார்ஜர் விஷயத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. சிறிய வண்டிகளில் பேட்டரி 12 வோல்ட். பெரிய லாரிகளில் 24 வோல்ட். வாங்கும் சார்ஜர் எதற்கு உகந்தது என்று அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். ஒயரை நேராகப் பேட்டரியில் முறுக்கி விடாமல், ஆட்டோ எலக்ட்ரீசியனை வைத்து ஃபியூஸ் வழியாக இழுக்க வேண்டும். தீப்பெட்டியும் எண்ணெய் டின்னும் ஏற்றுகிற வண்டியில் ஒரு தீப்பொறிக்கும் இடம் தரலாகாது.

வெயிலும் கவனிக்கத்தக்கது. செல்போன் பேட்டரிக்குச் சூடு ஆகாது. ஐபோன் தயாரிக்கும் ஆப்பிள் நிறுவனம், 35 டிகிரி வரையுள்ள சூட்டில் பயன்படுத்தவே தன் செல்போனைச் செய்திருப்பதாகவும், நிறுத்திய வண்டிக்குள் விட்டுப் போகக் கூடாதென்றும் சொல்கிறது. சித்திரை மாதத்தில் மூடிய வண்டிக்குள் எவ்வளவு சூடு இருக்கும் என்பது நாம் அறிந்ததே. எனவே ஸ்டாண்டை நேர் வெயில் படாதபடி சற்றுச் சாய்த்து வைப்பதும், சரக்கு இறக்கும்போது செல்போனைக் கையோடு எடுத்துச் செல்வதும் வழக்கமாக வேண்டும்.

இவ்வளவுக்கும், சார்ஜர் உட்பட ஒரு வண்டிக்கு எங்களுக்கு ஆன செலவு, ஒரு டின் எண்ணெய் விலையில் பாதிகூட இல்லை.

இதற்கு நண்பர்கள் சொல்லும் ஆட்சேபணை ஒன்று உண்டு. "ஸ்டாண்டு வைத்துக் கொடுத்தால் டிரைவர் சினிமா பார்த்துக் கொண்டே ஓட்டுவார்" என்பார்கள். பார்க்கிறவர் மடியில் வைத்தும் பார்ப்பார். கண்டிப்பு என்பது தனி விஷயம்; அதற்காக ஒழுங்காக ஓட்டுகிறவருக்கு வசதி மறுப்பது முறையாகாது.

இதைவிட முக்கியமானது வேறொன்று. ஸ்டாண்டு வழி பார்ப்பதற்கே தவிர, பேசுவதற்கு அல்ல. கையில் பிடிக்காமல் பேசினாலும் ஆபத்து அதிகம் குறைவதில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. கண் ரோட்டில் இருந்தாலும் மனம் பேச்சில் இருக்கும். ஓடும் வண்டியில் டிரைவரை அழைப்பவர் யார்? பெரும்பாலும் கடைக்காரர்தான். "எங்கேப்பா வர்றே? உசிலம்பட்டி போய்ட்டியா? பாக்கி வாங்கினியா?" என்று மொத்தக் கடையிலிருந்து ஓர் அழைப்பு, "இன்னும் சர்க்கரை மூட்டை வரலியே" என்று சில்லறைக் கடையிலிருந்து இன்னோர் அழைப்பு. முதலாளி அழைத்தால் எடுக்காமல் இருக்க எந்த டிரைவருக்குத் துணிவு வரும்?

ஆகவே ஸ்டாண்டு பொருத்துகிற அன்றே ஒரு கட்டுப்பாட்டையும் நாம் ஏற்க வேண்டும். வண்டி கிளம்புமுன் இறக்க வேண்டிய கடைகளின் வரிசையையும் வழியையும் செல்போனில் போட்டுக் கொடுத்து விட வேண்டும். வழியில் அழைத்தால் எடுக்க வேண்டியதில்லை, வண்டியை ஓரம் கட்டிய பின் திருப்பி அழைத்தால் போதும் என்று டிரைவரிடம் முதலாளியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்படி எடுக்காததற்குக் கோபித்துக் கொள்ளவும் கூடாது. சில்லறை வணிக நண்பர்களும், சரக்கு தாமதமானால் டிரைவரை அழைக்காமல் மொத்தக் கடைக்கு அழைத்துக் கேட்கலாம். எங்கள் கடையில் இந்த முறை நடக்கிறது. இதனால் ஒரு மூட்டை வியாபாரமும் குறைந்து விடவில்லை.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பட்டறைக்கு அலைவதை விட, உறுப்பினர்களின் வண்டிகளைக் கணக்கெடுத்து, மொத்தமாக ஒரு பட்டறையில் கொடுத்துச் செய்தால் செலவு இன்னும் குறையும். மொத்தக் கொள்முதலின் லாபத்தை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வரலாம்.

சரக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனால் வாடிக்கையாளரிடம் சமாதானம் சொல்லிக் கொள்ளலாம். டிரைவர் வீடு திரும்பாவிட்டால் அவர் குடும்பத்துக்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது. உறுப்பினர்கள் சிந்தித்து ஆவன செய்ய வேண்டுகிறோம்.