தெருவை எண்ணுவோர் தெருவை அறிவாரோ?

தோழனே!

தேர்தல் வந்துவிட்டால் போதும். தெருவுக்குத் தெரு கணக்கர்கள் கிளம்பிவிடுகின்றனர். "இந்தத் தெருவிலே இன்ன சாதியார் இருநூறு வீடு, அந்தச் சந்திலே இன்ன மதத்தார் எண்பது வீடு, ஆகவே முடிவு இன்னது!" என்று ஆரூடம் கூறுகின்றனர். வாக்காளன் வாய் திறக்குமுன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது! கூண்டுக்கிளி சீட்டெடுப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

அக்கணக்கு முழுதும் பொய் என்று நான் கூறவில்லை. ஒரே குழாயடியில் காத்திருப்போர், ஒரே சாக்கடையின் நாற்றத்தைச் சகிப்போர், ஒன்றுபோல் எண்ணுவது இயல்பு. ஆனால், இயல்பு வேறு, தலைவிதி வேறு!

வடசென்னையின் ஆர்.கே.நகரைப் பார். 2016 பொதுத்தேர்தலில் அங்கே இரட்டை இலை வென்றது. 2017 டிசம்பர் இடைத்தேர்தலிலே, பிரஷர் குக்கர் சின்னத்தில் நின்ற சுயேச்சை வென்றார். 2021-லே உதயசூரியன் வென்றது. ஐந்தே ஆண்டுகளில் மூன்று தீர்ப்புகள்! அதே தண்டையார்பேட்டை, அதே கொருக்குப்பேட்டை, அதே உழைப்பாளர் குடும்பங்கள். "பணம் பேசிற்று" என்பாய். 2017 ஏப்ரலில் நடக்கவிருந்த தேர்தலை, பணப் பட்டுவாடாவைக் காரணங்காட்டி ஆணையமே ரத்து செய்தது உண்மைதான். எனினும், மனம் மாறக்கூடியது என்பதைத்தானே அதுவும் காட்டுகிறது! பிறப்பே வாக்கைத் தீர்மானிக்குமாயின், பணத்துக்குத்தான் அங்கே என்ன வேலை?

யாருக்கு வாக்கு என்பது ஒரு கேள்வி. வாக்களிக்க வருவது யார் என்பது அதனினும் பெரிய கேள்வி. அதைத்தான் நம் கணக்கர்கள் கேட்பதில்லை.

2024 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழகம் முழுதும் பதிவான வாக்கு 69.72 விழுக்காடு. தருமபுரியிலே 81.20. மத்திய சென்னையிலோ 53.96! தென்சென்னையில் 54.17, உழைப்பாளர் மிகுந்த வடசென்னையில் 60.11. கல்வியும் செல்வமும் பெருகினால் வாக்களிப்பும் பெருகும் என்பது அமெரிக்க நாட்டு அனுபவம். இங்கே அது தலைகீழ்! வானூர்தி நிலையம் அருகிருக்கிறது, வாக்குச்சாவடிதான் தொலைவோ?

2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலையும் நோக்கு. பேரூராட்சிகளில் ஏறத்தாழ 75 விழுக்காடு, நகராட்சிகளில் 68, மாநகராட்சிகளில் 52. சென்னையிலோ 44-ஐக்கூட எட்டவில்லை. ஊர் பெருக்கப் பெருக்க, வாக்குச் சுருங்குகிறது! குடிநீருக்கும் குப்பைக்கும் வடிகாலுக்கும் பொறுப்பேற்கும் 200 மாமன்ற உறுப்பினர்களை, நூற்றில் 44 பேர்கூட இல்லாத கூட்டம் தேர்ந்தெடுத்தது. மழைநீர் புகும்போது மட்டும் நூறு பேரும் கூக்குரலிடுகின்றனர்!

நகரத்தான் சோம்பேறி என்று முடிவு கட்டிவிடாதே. சிற்றூரிலே, வந்தவர் யார், வராதவர் யார் என்பது ஊருக்கே தெரியும். வராதவரை அழைத்துவர ஆள் உண்டு. நகரத்திலே அடுத்த கதவின் பெயர்கூடத் தெரியாது. குடக்கூலிக்காரர் வீடு மாறுகிறார். அவர் பெயர் மாறுவதில்லை. கூவக்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்குப் பெயர்க்கப்பட்ட குடும்பம், பழைய முகவரியிலே பெயர் கிடந்தால் வாக்களிக்க நகரத்தின் குறுக்கே பயணம் போகவேண்டும். அன்றாடங்காய்ச்சிக்கு அது இயலுமா?

பட்டியலின் கதையோ இன்னும் விந்தை! சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப்பின் 2025 டிசம்பரில் வெளிவந்த வரைவுப் பட்டியலில், தமிழகமெங்கும் 97 இலட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இல்லை. சென்னை மாவட்டத்தில் மட்டும் 14 இலட்சத்துக்கு மேல். இறந்தோர், இடம்பெயர்ந்தோர், இருமுறை பதிவானோர் என்று காரணம் கூறப்பட்டது. அப்படியாயின், முன்பு நாம் கண்ட விழுக்காட்டிலே ஆளில்லாப் பெயர்களும் கலந்திருந்தன. நீக்கும்போதோ, உயிரோடிருப்பவன் பெயரும் போய்விடக்கூடும். பெயர் இருந்து ஆள் இல்லாமை ஒரு கேடு. ஆள் இருந்து பெயர் இல்லாமை பெருங்கேடு!

இவ்விரண்டையும் யார் அறிய முடியும்? சாதிக் கணக்கனா? அல்லன்! தெருவிலே நாள்தோறும் நடக்கும் நீதான்.

ஆகவே தோழனே, அந்தப் பழைய கணக்கைக் கிழித்தெறி. புதிய ஏடு ஒன்று எடு. புதிதாய்க் குடிவந்தோர் யார்? அவர்க்குப் படிவம் 8. பதினெட்டு நிரம்பியோர் யார்? அவர்க்குப் படிவம் 6. ஆண்டுக்கு ஒருமுறையன்று; சனவரி, ஏப்ரல், சூலை, அக்டோபர் முதல்நாட்கள் நான்கையும் தகுதிநாட்களாகக் கொள்கின்றனர். நடக்கவியலா முதியோர் யார்? 2024 தேர்தலிலே 85 வயது கடந்தோர் வீட்டிலிருந்தே வாக்களித்தனரே, அதை உன் தெருப் பாட்டியிடம் சொன்னவர் உண்டா?

1920-இலே, சொத்தும் வரியும் உடையோரே சென்னை மாகாணத்தில் வாக்காளர். 1952-இலேதான், குடிசைவாழ் கிழவியும் மாளிகைவாழ் சீமானும் ஆளுக்கொரு வாக்கென்று நின்றனர். அந்தச் சமத்துவம் ஏட்டிலே இருந்தால் போதாது. சாவடி வாசலிலே வரிசையாய் நிற்கவேண்டும்.

தேர்தல் நெருங்கட்டும் என்று காத்திராதே. இன்றே உன் தெருவின் முதற் கதவைத் தட்டு. "நீங்கள் என்ன சாதி?" என்று கேளாதே. "உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா?" என்று கேள்!